வண்டி ஓட்டும்போது அப்பாவுக்கு லோ சுகர் ஆகி ஆக்சிடென்ட். மயக்கம்னு சொல்லலாமா, கூடாதா?

பல்லடத்தான்:

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க. எங்கப்பாவுக்கு 58 வயசு, 12 வருசமா சுகர், மாத்திரை மட்டும்தான், ஊசி இல்ல. போன மாசம் கிருத்திகை அன்னிக்கு சிவன்மலைக்கு தனியா கார் எடுத்துட்டு போனாரு. விரதம்னு காலைல ஒண்ணும் சாப்பிடல, ஆனா மாத்திரைய மட்டும் வழக்கம்போல போட்டுட்டாரு. திரும்பி வரும்போது அவினாசிபாளையம் தாண்டினது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கு. பொங்கலூர் தாண்டி ரோட்டோரமா எக்ஸெல் வண்டிய நிறுத்தி அதுமேலயே கூடைய வெச்சு பூ வித்துட்டு இருந்த ஒரு அண்ணன் மேல கார் போயி ஏறிடுச்சுங்க. அவருக்கு வலது தொடை எலும்பு முறிஞ்சு பிளேட் வெச்சிருக்காங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல, அது ஒண்ணுதான் ஆறுதல்.

அங்க கூடினவங்க முதல்ல அப்பா குடிச்சிருக்காருன்னு நெனச்சு ரெண்டு அடி போட்டுட்டாங்க. சட்டை பூரா நனைஞ்சு போயி, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம என்னமோ உளறிட்டு இருந்திருக்காரு. 108ல வந்த பொண்ணுதான் விரல்ல குத்தி பாத்து சுகர் 41னு சொல்லி குளுக்கோஸ் ஏத்தியிருக்கு. பத்து நிமிசத்துல எந்திரிச்சு உக்காந்து "நான் எப்படி இங்க வந்தேன்"னு கேட்டாராம்.

இப்ப பிஎன்எஸ் சட்டத்துல (ஐபிசிக்கு பதிலா வந்த புது சட்டம்) 281, 125(பி) பிரிவு போட்டு எஃப்ஐஆர் ஆயிருக்கு. அன்னிக்கே ஸ்டேஷன் பெயில்ல விட்டுட்டாங்க. எங்க குழப்பம் என்னன்னா, ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு புரோக்கர் வந்து "மயக்கம் கியக்கம்னு வாயத் தொறக்காதீங்க, சீக்காளி வண்டி ஓட்டினாருன்னு இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான், மொத்த காசும் நீங்கதான் குடுக்கணும், பிரேக் புடிக்கலன்னு சொல்லிருங்க"ங்கறாரு. சொந்தக்காரர் ஒருத்தர் நேர் எதிரா, "மயக்கம்னு சொன்னாத்தான் கேஸே நிக்காது, ஆனா அந்த பூக்காரருக்கும் பைசா வராது"ன்னு சொல்றாரு. எது உண்மைங்க? அப்பா வெளிய வரணும், அதே சமயம் அந்த அண்ணனுக்கும் காசு போய் சேரணும். ரெண்டும் சேந்து நடக்காதா?

ஸ்பேனர்_சாமி:

பிரேக் கதைய மட்டும் சொல்லிராதீங்க. ஆக்சிடென்ட் ஆன வண்டிய மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பாத்து எம்விஐ ரிப்போர்ட் குடுப்பாரு, அதுல பிரேக் எஃபிஷியன்ட்னு ஒரு வரி எழுதினா போதும், கத முடிஞ்சுது. அப்புறம் நீங்க உண்மையே சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். அதுவுமில்லாம பிரேக் சரியில்லன்னா வண்டிய ஒழுங்கா வெச்சுக்காதது யார் தப்பு? ஓனர் தப்புதான. புரோக்கர் உங்கள ஒரு குழிலருந்து தூக்கி இன்னொரு குழில போடறாரு.

கோர்ட்டுவாசல்:

தம்பி, இதுல ரெண்டு கேஸ் இருக்கு, எல்லாரும் குழப்பிக்கறது அங்கதான். ஒண்ணு உங்கப்பா மேல போலீஸ் போட்ட கிரிமினல் கேஸ். இன்னொண்ணு அந்த பூக்காரர் நஷ்டஈடு கேட்டு ஆக்சிடென்ட் டிரிபியூனல்ல போடப்போற மனு, எம்சிஓபின்னு சொல்வாங்க. ஒண்ணுல உங்கப்பா விடுதலை ஆயிட்டா இன்னொண்ணுல காசு கிடையாதுன்னு அர்த்தம் இல்ல. இத 1980லயே சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி கிருஷ்ணய்யர் நம்ம தமிழ்நாட்டு பஸ் கேஸ் ஒண்ணுலயே தெளிவா சொல்லிட்டாரு. பஸ் மேல கரண்ட் கம்பி பட்டு ஆளுங்க செத்துப்போன கேஸ் அது, டிரைவர் கிரிமினல் கேஸ்ல தப்பிச்சும் நஷ்டஈடு நின்னுச்சு.

முதல்ல கிரிமினல். 281ங்கறது கண்மூடித்தனமா ஓட்டறது, 6 மாசம் வரைக்கும். 125(பி) கொடுங்காயம், 3 வருசம் வரைக்கும், பெயிலபிள்தான். எலும்பு முறிஞ்சாலே கொடுங்காயம் கணக்குல வந்துரும், அதனால (பி). இதெல்லாத்துக்கும் அடிப்படை, கண்மூடித்தனமோ அஜாக்கிரதையோ இருக்கணும். நெனவே இல்லாத மனுசன் எப்படி அஜாக்கிரதையா இருக்க முடியும்ங்கறது உங்க தரப்பு வாதம். புது சட்டத்துல 18வது செக்‌ஷன் (பழைய ஐபிசில 80) சொல்றதும் அதுதான், கெட்ட எண்ணம் இல்லாம, தக்க கவனத்தோட, சட்டப்படியான ஒரு காரியத்த செய்யும்போது தற்செயலா நடந்தா அது குற்றமில்ல. ஆனா அந்த "தக்க கவனத்தோட"ங்கற வார்த்தைய நல்லா பாத்துக்கோங்க, உங்க கேஸ் பூரா அதுலதான் தொங்குது. அத நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான், போலீஸ் இல்ல. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டி மேல போயி ஏறியிருக்கு, பாத்தவுடனே யாரும் ஓட்டினவர் தப்புன்னுதான் நெனப்பாங்க.

அதனால ஆஸ்பத்திரில ஏஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) காப்பி வாங்கி வைங்க, அதுல ஜிஆர்பிஎஸ், அதாவது விரல்ல குத்தி பாத்த சுகர், 41னு எழுதியிருக்கான்னு பாருங்க. 108 சீட்டுலயும் இருக்கும். ஆல்கஹால் டெஸ்ட் எடுத்திருந்தா அந்த ரிப்போர்ட்டும் வேணும். நாள் ஓட ஓட இதெல்லாம் கைக்கு சிக்காது.

அடுத்து காசு. இன்சூரன்ஸ்காரன் மூணாவது ஆளுக்கு (அதாவது அடிபட்டவருக்கு) குடுக்க மாட்டேன்னு சொல்றதுக்கு மோட்டார் வாகன சட்டம் 150ல ஒரு லிஸ்ட் இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஓட்டினது, லைசென்ஸ் தகுதி பறிபோனவர் ஓட்டினது, பர்மிட் இல்லாம வாடகைக்கு விட்டது, குடிச்சிட்டு ஓட்டினது, உண்மைய மறைச்சு பாலிசி வாங்கினது, இந்த மாதிரி. டிரைவருக்கு மயக்கம் வந்துச்சுங்கறது அந்த லிஸ்ட்லயே கிடையாது. அந்த லிஸ்ட்ல இருக்கற காரணத்த புடிச்சாலும் ஓனர் தெரிஞ்சே மீறினாருன்னு கம்பெனிதான் நிரூபிக்கணும், முக்காவாசி கேஸ்ல முதல்ல அடிபட்டவருக்கு குடுத்துட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு உத்தரவு வரும். 2004ல ஸ்வரண் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. புரோக்கர் சொன்னது சுத்த புருடா.

உங்க சொந்தக்காரர் பயப்படறதுல மட்டும் கொஞ்சம் விசயம் இருக்கு. அதே மோட்டார் வாகன சட்டத்துல 166வது பிரிவுல நஷ்டஈடு கேட்டா டிரைவர் அஜாக்கிரதைன்னு காட்டணும், "அஜாக்கிரதையே இல்ல, மயக்கம்"னு கம்பெனி வக்கீல் நிப்பாரு. அதுக்கும் வழி இருக்கு. 164ன்னு ஒரு செக்‌ஷன், 2022 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு, யார் தப்புன்னே பேச வேண்டாம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், செத்துட்டா 5 லட்சம். அது பத்தாதுன்னா 166லயே போய் 2001 கௌஷ்நுமா பேகம் தீர்ப்ப காட்டணும். ஜீப் முன் டயர் வெடிச்சு கவுந்து ஒருத்தர் செத்த கேஸ். டிரைவர் தப்பே இல்லன்னு கீழ்கோர்ட் தள்ளிருச்சு, சுப்ரீம் கோர்ட் தப்பு இல்லாட்டியும் வண்டிய ரோட்டுல விட்டதுக்கே பொறுப்பு இருக்குன்னு காசு குடுக்க வெச்சுது. டயர் வெடிச்சதுக்கும் டிரைவர் நெனவு போனதுக்கும் அடிபட்டவன் கண்ணுல என்ன வித்தியாசம்? ரெண்டுக்கும் அவன் ரோட்டோரம் நின்னுட்டுதான இருந்தான்.

ஒண்ணு மறந்துராதீங்க, மனு போட ஆக்சிடென்ட் ஆன நாள்லருந்து 6 மாசம். அத பூக்காரர் வீட்டுக்கு யாராவது சொல்லிருங்க.

தேனி_ஸ்டாஃப்நர்ஸ்:

அண்ணா என்ன மாத்திரைன்னு சொல்லவே இல்லையே? மெட்ஃபார்மின் மட்டும்னா 41க்கு இறங்கறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி இருந்தா, சாப்பிடாம போட்டா இறங்க வாய்ப்பு அதிகம், அது வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு பாக்காது, பாட்டுக்கு இன்சுலின சுரக்க வெச்சுக்கிட்டே இருக்கும். பிபிக்கு அட்டினலால் மாதிரி ஏதாவது சேத்து போட்டா நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம் எல்லாம் அமுங்கிரும், வேர்வை மட்டும்தான் வரும், அத வெயில்னு நெனச்சுக்குவாங்க. எங்க வார்டுக்கு அமாவாசை, கிருத்திகை, ரம்ஜான் மாசம் எல்லாம் இதே கத வரும். குடிச்சிருக்கான்னு போலீசே கூட்டிட்டு வந்து விட்ட ஆள் ஒருத்தருக்கு சுகர் 36.

டாக்டர் "சாப்பிடலன்னா மாத்திர போடாதீங்க"ன்னு சொல்லியிருப்பாரு, சீட்டுல எழுதியும் இருப்பாரு. அத பாருங்க. அது உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு வக்கீல் அண்ணாதான் சொல்லணும்.

மீனாட்சிபட்டணம்:

எல்லாரும் டிரைவர் பக்கமே பேசறீங்க, அடிபட்டவங்க பக்கமும் ஒரு ஆள் பேசறேன். எங்க அக்கா வீட்டுக்காரர் மேல 2019ல ஒரு கார் ஏறுச்சு, ஓட்டினவருக்கு வலிப்பு. ஆஸ்பத்திரி பெட் பக்கத்துலயே நின்னு அவங்க வீட்டு ஆளுங்க "அவருக்கு வந்தது கடவுள் செயல், நாங்க என்ன பண்றது"ன்னாங்க. எங்க மாமா ஏழு மாசம் படுத்திருந்தாரு, அக்கா தையல் மிஷின ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஓட்டுச்சு. கடைசில விசாரணைல பாத்தா அந்தாளு ஏழெட்டு வருசமா வலிப்புக்கு மாத்திர சாப்பிட்டுட்டு இருந்தவரு. லைசென்ஸ் எடுக்கும்போது ஃபார்ம் 1ல முதல் கேள்வியே வலிப்பு, திடீர் நெனவு தப்பறது, தலைசுத்தல் இருக்கான்னுதான் கேக்கும், இல்லைன்னு டிக் அடிச்சிருக்காரு. எல்லாரும் அடிக்கிறதுதான? டிரைவிங் ஸ்கூல்காரனே அடிச்சு குடுத்துடறான், நம்ம கையெழுத்து மட்டும் போடறோம்.

காசு வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா நாலு வருசம் ஆச்சு. பல்லடத்து தம்பி, உங்கள திட்டல, நீங்க அந்த மனுசனுக்கு காசு போகணும்னு கேட்டதே பெரிசு. ஆனா ஒண்ணு கேக்கறேன், அவர போய் பாத்தீங்களா? இன்னொண்ணு, உங்கப்பாவுக்கு இதுதான் முதல் தடவையா? அத நீங்க எழுதவே இல்ல.

பல்லடத்தான்:

அக்கா, கேட்டுட்டீங்க. ரெண்டு நாளா பதில் போடாம இருந்தேன். முதல் தடவை இல்லைங்க. மூணு மாசம் முன்னாடி ஒரு நாள் தோட்டத்துல மோட்டார் ரூம்கிட்ட உக்காந்தவரு எந்திரிக்கல, அம்மாதான் கருப்பட்டி தண்ணி குடுத்து தெளிய வெச்சாங்க. டாக்டர்கிட்ட காட்டினப்ப கிளிமிபிரைட 2ல இருந்து 1 ஆக்கிட்டாரு, "சாப்பிடாம இருக்காதீங்க, தனியா ரொம்ப தூரம் வண்டி ஓட்டாதீங்க"ன்னு சொன்னாரு. சீட்டுல மாத்திரை மாத்தினது மட்டும்தான் இருக்கு, வண்டி பத்தி எழுதல. அப்பா அத கேட்டுக்கற ஆள் இல்ல. நானும் சாவிய வாங்கி வெச்சிருக்கணும், வெக்கல.

இது வெளிய தெரிஞ்சா என்னங்க ஆகும்? அந்த சீட்ட ஒளிச்சு வெக்கலாமான்னு அம்மா கேக்கறாங்க.

கோர்ட்டுவாசல்:

ஒளிச்சு வெக்காதீங்கம்மான்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்ட சம்மன் போட்டு வரவழைக்க கம்பெனி வக்கீலுக்கு அரை மணி நேர வேல. உங்கப்பா தனக்கு எதிரா வாயத் தொறக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தாது, அந்த உரிமை அவருக்கு இருக்கு. பேசாம இருக்கறது வேற, பொய்யா ஒண்ண ஜோடிக்கறது வேற. ஓன் டேமேஜ் க்ளைம் ஃபார்ம்ல "மயக்கம் வந்ததில்லை"ன்னு எழுதினீங்கன்னா உங்க காருக்கு வர வேண்டிய காசும் போயிரும்.

நேரா சொல்றேன், முன்னாடியே ஒரு தடவ ஆயிருக்கு, டாக்டர் எச்சரிச்சிருக்காரு, அதுக்கப்புறமும் வெறும் வயித்துல மாத்திர போட்டுட்டு தனியா ஓட்டியிருக்காரு. "தக்க கவனம்"னு நான் சொன்ன அந்த வார்த்தை இப்ப ஆட்டம் காணுது. கோர்ட் மயங்கின நிமிசத்த மட்டும் பாக்காது, காலைல சாவிய எடுத்த நிமிசத்தையும் பாக்கும். முன்ன பின்ன எதுவுமே இல்லாம திடீர்னு ஹார்ட் அட்டாக் வந்தவருக்கும் உங்கப்பாவுக்கும் வித்தியாசம் அதுதான். இது போக மோட்டார் வாகன சட்டத்துல 186ன்னு ஒண்ணு இருக்கு, தனக்கு இருக்கற வியாதி ஆபத்துன்னு தெரிஞ்சே ஓட்டினா முதல் தடவ 1,000 ரூபா அபராதம். 1,000 ரூபா சின்னதுதான், ஆனா அதுல "தெரிஞ்சே"ன்னு வந்துட்டா மத்த கேஸுக்கும் அது ஒட்டிக்கும்.

ஆனா இதுலயே ஒரு வேடிக்க பாருங்க. உங்கப்பாவுக்கு எது பாதகமோ அது பூக்காரருக்கு சாதகம். முன்னாடியே தெரியும்னா அஜாக்கிரதை உறுதி, 166ல முழு நஷ்டஈடு கேக்கலாம், வயசு, வருமானம், மெடிக்கல் போர்டு குடுக்கற ஊனம் சதவீதம் எல்லாம் கணக்குல வரும், 2.5 லட்சத்தோட நிக்க வேண்டியதில்ல. குடுக்கப்போறது கம்பெனி, உங்கப்பா பாக்கெட் இல்ல. அதனால காசு விசயத்துல நீங்களும் அவரும் எதிரெதிர் கட்சியே இல்ல.

குரோய்டன்வாசி:

இங்க இங்கிலாந்து சட்டம் வேற மாதிரி, படிச்சா உங்க ஊரு தேவலன்னு தோணும். 90கள்ல ஒரு லாரி டிரைவர், இதே லோ சுகர்தான், கணையத்துல கட்டி இருந்தது அவருக்கே தெரியாது, போற வழில ரெண்டு மூணு சின்ன இடி இடிச்சுட்டு கடைசில ஒரு கடைக்குள்ள விட்டுட்டாரு. அப்பீல் கோர்ட் அவர் மேல தப்பில்லன்னுருச்சு, தனக்கே தெரியாத வியாதிக்கு எப்படி பொறுப்பாக்கறதுன்னு. நியாயம்தான், ஆனா கடைக்காரங்களுக்கு ஒரு பென்னி கெடையாது. உங்க 164 மாதிரி ஒண்ணு இங்க இல்ல. அதுக்கு முன்னாடி 1980ல ஒரு பெரியவருக்கு ஓட்டிட்டு இருக்கும்போதே பக்கவாதம், உடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு உணர்ந்தும் நிறுத்தாம ஓட்டினாரு, அதனால அவர் பொறுப்புதான்னு தீர்ப்பு.

2014 டிசம்பர் 22 கிளாஸ்கோவுல குப்பை லாரி ஜனக்கூட்டத்துல பூந்து 6 பேர் செத்தாங்க, கிறிஸ்மஸ் ஷாப்பிங் நேரம். டிரைவர் மயங்கிட்டாரு. அப்புறம் விசாரணைல வெளிய வந்தது, 2010லயே பஸ் டிரைவரா இருந்தப்ப, நின்னுட்டு இருந்த பஸ்ஸோட ஸ்டியரிங் முன்னாடி ஒரு தடவ மயங்கியிருக்காரு, அத அடுத்த வேலைக்கு போகும்போது மறைச்சிருக்காரு. அவ்ளோ தெரிஞ்சும் அரசாங்கம் கிரிமினல் கேஸ் போடல, செத்தவங்க குடும்பம் தனியா கேஸ் போட கேட்டதையும் கோர்ட் விடல. இங்க இன்னிக்கும் பேசறாங்க அத பத்தி.

லாரி_மாப்ள:

நான் 22 வருசமா ஹெவி ஓட்றேன். எங்களுக்கு 5 வருசத்துக்கு ஒருக்க லைசென்ஸ் புதுப்பிக்க ஃபார்ம் 1ஏ டாக்டர் சர்டிபிகேட் வேணும். எப்படி குடுக்கறாங்கன்னு கேக்காதீங்க, நான் போன தடவ டாக்டர் மூஞ்சியவே பாக்கல, வெளிய உக்காந்திருந்த ஆள்கிட்ட காச குடுத்தேன், சீல் போட்ட பேப்பர் வந்துச்சு. சுகர் டெஸ்டா? தொப்பூர் கணவாய் இறக்கத்துல என் கூட்டாளி ஒருத்தனுக்கு நெஞ்சுவலி வந்துச்சு, பின்னாடி 20 டன் லோடு, எப்படியோ கியர போட்டு இழுத்து மண்ணு பக்கமா ஒதுக்கி நிறுத்திட்டு ஸ்டியரிங் மேலயே சாஞ்சுட்டான். க்ளீனர் கத்தினான், ஆள் போயிட்டான்.

அவன் வீட்டுக்கு ஓனர் முதல்ல "இயற்கை சாவு, ஆக்சிடென்ட் இல்ல"ன்னாரு. அப்புறம் ஒரு வக்கீல்தான் தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்துல போட்டாரு, 2013ல பரம் பால் சிங்னு ஒரு கேஸ்ல தூர ஓட்டத்துல உடம்பு முடியாம லாரிய ஓரங்கட்டிட்டு மயங்கி செத்த டிரைவர் குடும்பத்துக்கு சுப்ரீம் கோர்ட் குடுத்திருக்கு, தூர ஓட்டத்தோட அலுப்புதான் காரணம்னு. அத காட்டி வாங்கினாங்க. சொந்த வண்டிக்காரங்களுக்கு இது வராது, கூலிக்கு ஓட்டறவனுக்கு மட்டும்தான். டிரைவர் குடும்பம் யாராவது இத படிச்சா தெரிஞ்சுக்கட்டும்னு எழுதினேன், தலைப்புக்கு சம்பந்தம் இல்லைன்னா மன்னிச்சுக்கங்க.

கோர்ட்டுவாசல்:

நல்லா எழுதினீங்க மாப்ள. தம்பி பல்லடத்தான், ஒரு முக்கியமான கேள்விய நான் கேக்காம விட்டுட்டேன். அப்பா லைசென்ஸ் உயிரோட இருக்கா? கடைசியா எப்ப புதுப்பிச்சாரு? 55க்கு மேல 5 வருசத்துக்குதான் குடுப்பாங்க, நெறைய பெரியவங்க அத கவனிக்கறதே இல்ல. லைசென்ஸ் காலாவதின்னா கம்பெனி கைல நெசமாவே ஆயுதம் கிடைச்சுரும்.

பல்லடத்தான்:

பாத்துட்டேங்கண்ணா, 2028 வரைக்கும் இருக்கு. 2023ல புதுப்பிச்சது, அப்ப டாக்டர் சர்டிபிகேட் குடுத்துதான் வாங்கினாரு. தோட்டத்துல மயங்கினது இந்த வருசம்தான், அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட இல்ல, அம்மாகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்.

நேத்து நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு போயி அந்த அண்ணன பாத்தோம். முதல் 48 மணி நேரம் அரசாங்க திட்டத்துல பாத்துக்கிட்டாங்களாம், அதுக்கு மேல அவங்க கைக்காசு 60,000 ஆயிருக்கு. அவரு எங்கள பாத்ததும் மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு. அவங்க வீட்டு அக்காதான் பேசினாங்க, பாலிசி காப்பி, ஆர்சி காப்பி ரெண்டையும் குடுத்தேன், 6 மாசத்துக்குள்ள போடணும்னு தேதிய ஒரு பேப்பர்ல எழுதியும் குடுத்தேன். அந்தக்கா பேப்பர ரெண்டு தடவ படிச்சு பாத்துட்டு, "எங்க மேல பழிபோட்டு கையெழுத்து கேப்பீங்கன்னு நெனச்சேன்"னாங்க. வேற என்ன காப்பி அவங்களுக்கு வேணும்னு சொன்னீங்கன்னா திங்கக்கெழம எடுத்துட்டு போறேங்கண்ணா.

கோர்ட்டுவாசல்:

லைசென்ஸ் காப்பி, எஃப்ஐஆர் காப்பி. எம்விஐ ரிப்போர்ட், ரஃப் ஸ்கெட்ச் (ஆக்சிடென்ட் நடந்த எடத்தோட வரைபடம்) ரெண்டும் ஸ்டேஷன்ல அவங்க வக்கீல் வாங்கிக்குவாரு. அவங்க ஆஸ்பத்திரி பில் ஒண்ணு விடாம ஒரிஜினலா எடுத்து வெக்க சொல்லுங்க, மெடிக்கல் ஷாப் துண்டுச்சீட்டு வரைக்கும். பூ வியாபாரத்துக்கு ரசீது இருக்காது, மார்க்கெட்ல அவர் சரக்கு எடுக்கற கடைக்காரர் வந்து சாட்சி சொல்வாரான்னு கேளுங்க, வருமானத்துக்கு அதான் ஆதாரம். அந்த மாத்திரை சீட்டையும் உங்க கைலயே பத்திரமா வெச்சுக்கோங்க.